மஞ்சள் குட்டிகள்

கூண்டின் மூடியைத் தூக்கிப் பார்த்ததும் எலியம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. தாய் எலியின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்த குட்டிகளுக்கு இப்போதுதான் ரோமம் முளைத்திருந்தது. அத்தனையும் மஞ்சள்.

கதவில் உணவு ஆராய்ச்சியாளர் என்று பலகை தொங்கினாலும், எந்நேரமும் எலிகளோடே கிடப்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் எலியம்மா.

மஞ்சளைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்? உயிருள்ள எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சமையல் புத்தகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் மரபணு. அதன் எழுத்து அப்படியேதான் இருக்கும். ஆனால் சில பக்கங்கள் பசை பட்டு ஒட்டிக்கொண்டால் சமையல்காரர் அவற்றைப் படிக்க முடியாது. அந்தப் பசையில் ஒரு பங்கு, கர்ப்பத்தில் தாய் தின்பதிலிருந்து வருகிறது. இந்த வகை எலியில் குறிப்பிட்ட ஒரு பக்கம் நன்றாக ஒட்டிக்கொண்டால் குட்டி பழுப்பு நிறம். ஒல்லியாக ஓடித் திரியும். அரைகுறையாக ஒட்டினால் திட்டுத்திட்டாக இருக்கும். ஒட்டவே இல்லையென்றால் மஞ்சள். அது வளர வளரக் கொழுக்கும், சர்க்கரை நோயும் வரும். உள்ளே நடந்ததை ரோமமே சொல்லிவிடும்.

சாதாரணத் தீனி தின்ற எலிகள் திட்டுக் குட்டிகள் ஈன்றன. அவள் தயாரித்த நார்ச்சத்துப் பொடியைத் தின்றவை பழுப்புக் குட்டிகள் ஈன்றன. நார்ச்சத்தை எலியால் செரிக்க முடியாது. குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதைத் தின்று பசைக்கான சரக்கைக் கொடுக்கின்றன. முதல் மூன்று கூண்டுகளும் கணக்காக வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம்தான் தங்கை கர்ப்பம் என்ற செய்தியும் வந்தது. ஒரு டப்பா பொடியை எடுத்துப்போய்த் தங்கையிடம் கொடுத்தாள். இப்போது தங்கைக்கு ஏழாம் மாதம்.

அதே பொடியைத் தின்ற நான்காம் கூண்டில்தான் இன்று முழு மஞ்சள்.

எலிப் புழுக்கைகளை வழித்தெடுத்து, அடுத்த அறையில் பாக்டீரியா பார்க்கும் நண்பரிடம் கொடுத்தாள். முடிவு வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னம்மா, எலி உன்னைத் தின்னுடுச்சா? பாதியாயிட்டே," என்றார் நண்பர். பிறகு கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இது உன் எலிங்க குடல்ல இருக்கற பாக்டீரியா கூட்டமே இல்ல. கொழுப்புத் தீனி ஆராய்ச்சிக்கு வெச்சிருந்தீங்களே, அந்தக் குண்டு எலிங்க கூட்டம். எப்படி உள்ள வந்துச்சு?"

எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். கூண்டு பற்றாமல் போன ஒரு வாரம், ஒரு குண்டு எலியை நாலு நாள் நான்காம் கூண்டில் விட்டது அவளேதான். ஒரே கூண்டு எலிகள் ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்னும். சில நாளில் எல்லா வயிற்றிலும் ஒரே கூட்டம் குடியேறிவிடும். முதல் பாடத்திலேயே வருகிற விஷயம். நாலு நாள்தானே என்று விட்டுவிட்டாள்.

குண்டு எலியின் பாக்டீரியாக்கள் பொடியைத் தின்று பெருகி, பசைக்கு இருந்த சரக்கையும் தாங்களே விழுங்கியிருக்கின்றன. அப்படியானால் பொடி நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. வயிற்றில் யார் குடியிருக்கிறார்களோ அவர்களைப் பொறுத்தது. தங்கையின் வயிற்றில் இருப்பவர்கள் யார்? அவள் பார்த்ததே இல்லை. மனிதருக்கு அந்தப் பக்கமே வேறு என்று படித்த படிப்பு சொன்னது. பயம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தங்கை வீக்கத்துக்காகக் கால்களை வெந்நீர் வாளிக்குள் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க எலியம்மா. வேலை நேரத்துல வந்திருக்கே, துரத்திட்டாங்களா?"

"அந்தப் பொடி டப்பா எங்கடி?"

"எப்பவோ காலி. ஒரு ஸ்பூன் போடச் சொன்னே, நான் ரெண்டா போட்டேன். அக்கா குடுத்தது கெடுதலா பண்ணும்?"

இனி அது வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவிவிடலாம் என எலியம்மா வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள். அந்த ரெண்டு ஸ்பூனைக் கேட்ட பிறகு நாக்கு பொய்க்கு வளையவில்லை. வாளிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, மஞ்சள் குட்டிகளிலிருந்து குண்டு எலி வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கையின் கால் தண்ணீருக்குள் அசையாமல் நின்றது.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"தெரியல."

"எலியும் நானும் ஒண்ணா என்ன?"

"ஒண்ணில்ல. ஆனா எவ்வளவு வித்தியாசம்னு தெரியாமலேயே உனக்குக் குடுத்துட்டேன்."

தங்கையின் கை வயிற்றின் மேல் மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. உள்ளிருந்து ஓர் உதை.

"இப்ப என்ன செய்யணும்?" என்றாள்.

எலியம்மா பையிலிருந்து மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை எடுத்து நீட்டினாள். தங்கை அதையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ்வளவு படிச்சு, கடைசியில எங்கிட்ட வந்து கேக்கறது இதுதானா?"

"உன் குடல்ல எந்தக் கூட்டம் இருக்குன்னு இதை வெச்சுத்தான் தெரியும். உன் டாக்டரையும் பார்க்கணும். சர்க்கரை, குழந்தை எடை, எல்லாம்."

"அவங்ககிட்டயும் நீயேதான் சொல்லணும். என்னென்ன செஞ்சேன்னு, ஒண்ணு விடாம. நான் பக்கத்துல உக்காந்து கேப்பேன்."

"சொல்றேன்."

தங்கை அவள் தோளைப் பிடித்து எழுந்து, ஈரக் காலோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள். எலியம்மா கதவுக்கு வெளியே நின்றாள். நாளெல்லாம் எலிப் புழுக்கையைக் கையாண்டவள்தான். கதவு திறந்து, வெதுவெதுப்பான அந்த டப்பா உள்ளங்கைக்கு வந்தபோது அது நழுவப் பார்த்தது. தங்கை தன் கையைக் கீழே கொடுத்துத் தாங்கினாள்.

"கீழ போட்டுடாத. மறுபடி எல்லாம் வராது எனக்கு," என்றாள். சொல்லிவிட்டும் அவள் கையை எடுக்கவில்லை.