பெட்டியில் எல்முராத் கண்ட குறைகள்

புதுப் பெட்டி வரப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே எல்முராத்துக்கு அதைப் பிடிக்காமல் போயிற்று. அதை அவர் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. ஒருவர் தனியாகவே கட்டிவிடலாம் என்றார்கள். அது போதாதா வெறுப்பதற்கு?

கோகந்த் நகரில் பார்வையற்றோர் சங்கத்துப் பட்டறையில் அதுவரை ஒரு பெட்டிக்கு இரண்டு பேர். பீங்கான் ஆலையிலிருந்து வரும் தேநீர்க் குடுவையின் மூக்கு எங்கேயும் இடிக்காதபடி ஒருவர் பெட்டிக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிரே இருப்பவர் சுற்றிலும் கசக்கிய காகிதத்தைத் திணித்து, பியாலாக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எல்முராத் பிடிப்பார், பர்சினாய் திணிப்பாள். பல வருஷமாக இதே மேஜை, இதே இரண்டு முக்காலிகள். திணிக்கும்போது அவள் விரல்கள் அவர் கையில் படும். ஆரம்பத்தில் "மன்னிச்சுக்கோங்க உஸ்தா" என்பாள்; கைதேர்ந்த தொழிலாளியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு மன்னிப்பு கேட்பதை விட்டுவிட்டாள். விரல்கள் மட்டும் பட்டுக்கொண்டிருந்தன.

பர்சினாய் புருஷனை இழந்து அண்ணன் வீட்டில் இருப்பவள். காலையில் வாயைத் திறந்தால் அண்ணி வைத்த சூப்பில் உப்பில்லாத கதையிலிருந்து பக்கத்து வீட்டு ஆடு துணியைத் தின்ற கதைவரை எல்லாம் வரும். எல்முராத்துக்குக் கல்யாணமே ஆகவில்லை. அம்மா போனபிறகு வீட்டில் வானொலிதான் பேசும். பகலில் கேட்ட கதைகளை ராத்திரிக்கு எடுத்துவைத்துக்கொண்டு வாழ்ந்தார் மனுஷர். அவளை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் சொன்னதில்லை. சொல்லப்போய், மறுநாளிலிருந்து அந்த விரல்கள் ஒதுங்கிக்கொண்டால்? அந்தப் பயம்தான்.

ஆனால் சாமான் உடைகிறதே, அதற்கு என்ன செய்வது? கணவாயைத் தாண்டி லாரி தாஷ்கந்து போய்ச் சேருவதற்குள் காகிதம் அமுங்கிவிடும், கிண்ணங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். கடைக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். இப்படியே போனால் கட்டுகிற வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவோம் என்றது ஆலை. கடைசியாக ஒரு வாய்ப்பென்று நஃபீசாவை அனுப்பிவைத்தது. பெட்டி வடிவமைக்கிற சின்னப் பெண். அறை அறையாகத் தடுத்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். குடுவைக்கு ஓர் அறை, கிண்ணங்களுக்குத் தனித்தனி அறை. பிடித்துக்கொள்ள ஆளே வேண்டாம்.

எல்முராத் உடனே குறை சொல்லும் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

"விளிம்பு கத்தியாட்டம் இருக்கும்மா. எங்களுக்குக் கண்ணே விரல்லதான் இருக்கு. அதையும் அறுத்துடுவியா?"

"அய்யய்யோ, மாத்திடறேன் உஸ்தா."

அடுத்த முறை விளிம்புகளை மடித்துக் கொண்டுவந்தாள்.

"எது மேல, எது கீழன்னு தெரியலையே? அம்புக்குறி போட்டிருக்கியாமே, யார் பாக்கறதுக்கு?"

மூடியின் ஒரு மூலையை வெட்டிக் கொண்டுவந்தாள். தொட்டதும் தெரிந்தது.

"குடுவை அறை எது, கிண்ண அறை எதுன்னு தேடித் தேடியே பொழுது போயிடும்."

குடுவை அறையின் தடுப்பை உயர்த்தினாள். மூடி சரியாக விழுந்ததா என்று தெரியவில்லை என்றார். 'டக்' என்று சத்தம் கேட்கிற மாதிரி மூடியில் ஓர் அட்டை நாக்கு வைத்துக்கொண்டு வந்தாள்.

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அதுதான் வினையாகிவிட்டது. சொன்ன குறையெல்லாம் நிஜக் குறையாகவே இருந்து தொலைத்தன. ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, பெட்டி நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டே போயிற்று.

"புது மருமகளைக்கூட எந்த மாமியாரும் இந்தப் பாடு படுத்த மாட்டா" என்றார் பக்கத்து மேஜை துர்தி.

"விடுங்கண்ணே, உஸ்தாவுக்கு அந்தப் பெட்டி மேல என்ன கோபமோ" என்று பர்சினாய் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எல்முராத் குடுவையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஒரு லாரி சுமைக்குப் புதுப் பெட்டியில் கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. பழைய மேஜைகளைப் பிரித்துச் சுவரோரம் ஆளுக்கொன்றாகப் போட்டார்கள். பர்சினாய் கதவுப் பக்கம் போய்விட்டாள். எல்முராத்துக்கு ஜன்னலோரம். நல்ல வெயில், நல்ல காற்று, ஒரு குறையும் சொல்ல முடியாத இடம். நாள் முழுக்கக் கட்டினார். கிண்ணம் தானாக அறைக்குள் உட்கார்ந்தது, மூடி 'டக்' என்றது. அவர் கையில் எதுவுமே படவில்லை. மத்தியானம் கதவுப் பக்கம் அவள் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. எதற்கென்று இவருக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பெட்டியை எடுத்தார்.

லாரி தாஷ்கந்து போய்ச் சேர்ந்து தொலைபேசி வந்ததும் நஃபீசா ஓடிவந்தாள்.

"ஒண்ணுகூட உடையலையாம்! கீறல்கூட இல்லையாம்!"

பட்டறையே கைதட்டியது. துர்தி மேஜையைத் தட்டினார். வேலை தங்கிவிட்டது, எல்லோருக்கும் மூச்சு வந்தது. எல்முராத்தும் கைதட்டினார். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல முடியாது.

"நாளைக்கே அட்டை ஆலைக்குச் சொல்லிடுவேன். அப்புறம் எதையும் மாத்த முடியாது" என்றபடி நஃபீசா அவர் மேஜைக்கு வந்தாள். "உஸ்தா, இது நீங்க பண்ணுன பெட்டி. நீங்க விடாம சொன்னதாலதான் இப்படி வந்திருக்கு. இன்னும் ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பொய் வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு இருக்கும்மா."

"சொல்லுங்க."

"இதைக் கட்டும்போது எதிர்ல பர்சினாய் இல்ல."

ஒட்டுநாடாவை யாரோ பாதி இழுத்து நிறுத்திக்கொண்டார்கள். எல்முராத்துக்குக் காது மடல் சுட்டது. எழுந்து வெளியே போய்விடலாம் என்று கைத்தடியைத் தேடினார். கதவுப் பக்கம் ஒரு முக்காலி நகர்ந்தது. அவள் வெளியே போகிறாள் என்றுதான் நினைத்தார். ஆனால் காலடி மேஜைகளைத் தொட்டுத் தொட்டு இந்தப் பக்கமாக வந்தது.

"ஏன் உஸ்தா," என்றாள் பர்சினாய். குரல் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "இத்தூண்டு நாக்கு வரைக்கும் தேடித் தேடிக் குறை கண்டுபிடிச்சீங்களே, எங்க அண்ணன் வீட்டுக் கதவைக் கண்டுபிடிச்சுப் பெண் கேட்க ஆள் அனுப்ப மட்டும் உங்களுக்குத் தெரியலையா?"

"அனுப்பினா... கதவைத் திறப்பீங்களா?"

"ஞாயித்துக்கிழமை அனுப்புங்க. நானே வந்து திறக்கறேன்."

துர்தி மறுபடியும் மேஜையைத் தட்டினார். நஃபீசா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பெட்டியை அனுப்பலாமா உஸ்தா?" என்று கேட்டாள்.

அவரை முந்திக்கொண்டு பர்சினாய்தான் பதில் சொன்னாள்.

"நீ அனுப்பும்மா. இனிமே அவர் குறை சொல்றதுக்கு நான் இருக்கேன்."