எழுத்தில்லாத அறுபது டியூப்கள்

சின்னவளுக்கு மூணாவது மாடியில புது லேப் குடுத்திருக்காங்கன்னு கேள்விப்பட்ட அன்னைக்கு, காய்ச்சல்னு சொல்லிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்து படுத்துட்டேன். காய்ச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வயித்தெரிச்சல். நெத்தியில கை வெச்சுப் பார்த்த வீட்டுக்காரர், "சூடே இல்லையே"ன்னார். "உள்காய்ச்சல்"னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

சின்னவ யாருன்னு சொல்லிடறேன். என் ஓரகத்தி. என் கொழுந்தன் பொண்டாட்டி. நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாக்கறோம். எனக்கு நாலு வருஷம் பின்னால வந்து சேர்ந்தவ. நல்ல பொண்ணா இருக்காளே, அடக்கமா பேசறாளேன்னு வீட்டுல சொல்லி, கொழுந்தனுக்குப் பேசி முடிச்சதே நான்தான். சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னா இதுதான்.

என் லேப் கீழ்த்தளத்துல இருக்கு. அது லேப்புக்குன்னு கட்டின இடமே இல்ல. உடைஞ்ச நாற்காலி போட்டு வெச்சிருந்த கிடங்கு. பதினோரு வருஷமா அங்கதான் குடியிருக்கேன். ஜன்னல் கிடையாது. வெளியில மழையா வெயிலான்னு உள்ள வர்றவங்க தலையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். தலைக்கு மேல தண்ணிக் குழாய் போகுது. மாடியில யார் கை கழுவினாலும் எனக்குத் தெரியும். குழாய் வேர்த்துச் சொட்டும்னு எடை போடற தராசுக்கு மேல எப்பவும் ஒரு பிளாஸ்டிக் ஷீட். இன்குபேட்டர், அதாவது கிருமி வளர்க்கற சூட்டுப்பெட்டி, அதோட கதவு சரியா மூடாது; டேப் போட்டு ஒட்டி வெச்சிருப்பேன். மேசை விளிம்பு பூரா பழைய டேப் துண்டு, கிறுக்கின சீட்டு, ஒத்தைக் கையுறை. உக்கார்ற நாற்காலியில பஞ்சு வெளிய வந்துடுச்சு. அதுல உக்காந்துதான் ஒன்பது கட்டுரை எழுதினேன். அதை யாரு நினைச்சுப் பார்க்கறாங்க.

அவ லேப்பை நான் பார்க்கவே கூடாதுன்னு இருந்தேன். ரெண்டாவது நாளே போய் நின்னேன். ரெண்டு பக்கமும் ஜன்னல். பால் மாதிரி வெள்ளையா மேசை. இழுப்பறையை லேசா தள்ளினா, தானே மெதுவா போய் மூடிக்குது. நான் மூணு தடவை தள்ளிப் பார்த்தேன். முழங்கையால திறக்கற குழாய். எழுதறதுக்குத் தனியா கண்ணாடித் தடுப்பு போட்டு ஒரு மூலை. "எப்படிக்கா இருக்கு?"ன்னு கேட்டா. "இருக்கு, இருக்கு. ஜன்னல் இவ்வளவு பெருசா இருந்தா தூசி அடையுமே"ன்னேன். "ஆமாக்கா, அதான் எனக்கும் யோசனை"ன்னு அவ நிஜமாவே கவலைப்பட்டா. அதுல எனக்கு இன்னும் எரிஞ்சது. பதிலுக்கு ஒரு வார்த்தை குத்தலா சொல்லியிருந்தா மனசு ஆறியிருக்கும்.

என் பழைய ஃப்ரீசர் அந்த வருஷ ஆரம்பத்துல செத்துப்போச்சு. எல்லாருக்கும் பொதுவா புதுசு ஒண்ணு வாங்கி, அவ லேப்புல வெச்சாங்க. வளர்க்கற கிருமியில ஒரு நகல் எடுத்து உறைய வெச்சுக்கறது எங்க வேலையில பல் தேய்க்கற மாதிரி. செய்யாதவங்க கிடையாது. நான் செய்யல. அவகிட்டப் போய், "ஒரு தட்டு இடம் குடும்மா"ன்னு கேக்கணும். அதுக்கு என் நாக்கு வளையல. இன்னைக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னு எட்டு மாசம் ஓடிப்போச்சு.

அந்த எட்டு மாசமும் நான் வளர்த்தது அறுபது டியூப் கிருமி. எல்லாம் ஒரே தாயோட பிள்ளைங்க. இருபதுக்கு உப்பே கிடையாது. இருபதுக்குக் கொஞ்சம் உப்பு. இருபதுக்கு வாரா வாரம் ஏத்திக்கிட்டே போன உப்பு. உப்புல வளர்ந்ததுங்க உப்பைத் தாங்கப் பழகுமா, பழகினது பரம்பரைக்கும் நிக்குமா, இதுதான் கேள்வி. கடைசிச் சோதனைக்கு முன்னாடி அறுபதையும் ஒரு வாரம் உப்பில்லாத ஒரே திரவத்துல வெச்சிருக்கணும். அப்ப அந்த வாரம்தான் ஓடிக்கிட்டு இருந்தது; அறுபதும் பார்க்க ஒரே மாதிரி. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எங்க வேலையை நீட்டிக்கலாமா வேண்டாமான்னு ஒரு கூட்டம் போடுவாங்க. எனக்கு அது அடுத்த மாசம். காட்டறதுக்கு என் கையில இந்த அறுபதை விட்டா வேற எதுவும் இல்ல. இது தேறலன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் போட்டோக்காரர் வந்தார். விஞ்ஞானிங்க வேலை செய்யற இடம் எப்படி இருக்கும்னு ஜனங்களுக்குக் காட்ட, எங்க ஆறு பேரோட லேப்பைப் படம் எடுத்து வாசல் கூடத்துல பெருசா மாட்டறதா டைரக்டர் மேடத்தோட ஏற்பாடு. சின்னவ லேப்புல அவர் அரை நாள் இருந்தார். சிரிப்புச் சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் என் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் ஒதுங்க வெச்சீங்கன்னா நல்லா இருக்கும் மேடம். நான் வெள்ளிக்கிழமை வர்றேன்"னு சொல்லிட்டுப் போயிட்டார். என் மூஞ்சி சுண்டிப்போச்சு.

வியாழக்கிழமை காலையில இடுப்புல துணியைச் செருகிக்கிட்டு இறங்கினேன். டேப்பெல்லாம் பிச்சேன். சீட்டெல்லாம் கிழிச்சேன். கிருமியைப் புது டியூபுக்கு மாத்தினது போக மிச்சமிருந்த, போன வாரத்துப் பழைய டியூப்களை வேகவெச்சுக் கழுவி அடுக்கினேன். படத்துல முன்னாடி தெரியற மாதிரி அந்த அறுபது டியூபையும் வெச்சா அழகா இருக்கும்னு தோணுச்சு. ரேக்குல இருந்து எல்லாத்தையும் எடுத்து, ஒரு பெரிய எஃகுத் தட்டுல நிறுத்திக்கிட்டேன். ஒவ்வொண்ணா எடுத்து, ஸ்பிரிட்டுல பஞ்சை நனைச்சு, கண்ணாடி பளபளன்னு ஆகற வரைக்கும் துடைச்சேன். வாய் பாட்டு முணுமுணுத்துச்சு. அவ ஜன்னலும் என் டியூபும், பார்த்துடலாம்னு இருந்தேன். பஞ்சு நீலமா வந்துச்சு. எவ்வளவு அழுக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.

அறுபதாவது டியூபைக் கீழ வெச்சப்பத்தான் புரிஞ்சது.

எது எதுன்னு மார்க்கர் பேனாவால கண்ணாடி மேலதான் எழுதியிருந்தேன். ஸ்பிரிட் பட்டா மார்க்கர் எழுத்து நிக்காது. லேப்புக்கு வந்த முதல் நாளே யாருக்கும் தெரிஞ்சுடற விஷயம். எனக்கு இருபது வருஷமா தெரியும். தரையில உக்காந்துட்டேன். ரேக்குல வரிசை இருந்திருந்தாலாவது கண்டுபிடிச்சிருக்கலாம். போன வாரத்து டியூப் இருந்திருந்தாலாவது. ஃப்ரீசர்ல நகல் இருந்திருந்தாலாவது. ஒரு வழியையும் நான் விட்டு வைக்கல.

வெள்ளிக்கிழமை போட்டோக்காரர் வந்து, "அட, வேற இடமாட்டம் ஆக்கிட்டீங்களே"ன்னு சந்தோஷப்பட்டார். தட்டுக்குப் பின்னாடி ஒரு விளக்கை வெச்சார். டியூப் அறுபதும் ஜொலிச்சது. "சிரிங்க மேடம்"னார். சிரிச்சேன்.

அதுக்கப்புறம் நான் செஞ்சதைப் பூசி மெழுகாம சொல்றேன். அறுபதையும் கடும் உப்புல போட்டுப் பார்த்தேன். நல்லா வளர்ந்த இருபதை எடுத்து 'அதிக உப்பு'ன்னு எழுதினேன். சுமாரா வளர்ந்த இருபதுல 'கொஞ்சம் உப்பு'. சுருண்டு விழுந்த இருபதுல 'உப்பில்லை'. விடையைப் பார்த்துட்டுக் கேள்வி எழுதின கதை. உப்புல வளர்ந்ததுங்கதான் உப்பைத் தாங்குதான்னு கண்டுபிடிக்கத்தானே எட்டு மாசம் உழைச்சேன்? அதையே அளவுகோலா வெச்சுப் பேர் எழுதிட்டு, பாருங்க, நிரூபிச்சுட்டேன்னா என்ன அர்த்தம்? அர்த்தம் எனக்குத் தெரியும். இருந்தும் வரைபடம் போட்டேன். அவ்வளவு சுத்தமான வரைபடத்தை என் வாழ்நாள்ல நான் பார்த்ததில்ல. ஒரு புள்ளிகூட வழி தவறல.

ரெண்டு வாரம் கழிச்சுப் படங்களை மாட்டினாங்க. எல்லாரும் என் படத்துக்கு முன்னாடிதான் கூடி நின்னாங்க. மாமியாரைக்கூட வீட்டுக்காரர் கூட்டிட்டு வந்து காட்டினார். "பெரியவ இடம்தான் களையா இருக்கு. சின்னவ இடம் என்ன, ஆஸ்பத்திரி மாதிரி"ன்னு அத்தை சொன்னாங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவங்க வாயில இருந்து எனக்கு விழுந்த முதல் நல்ல வார்த்தை. சின்னவளும் பக்கத்துலதான் நின்னா. மூக்கு படற அளவுக்குக் கிட்டப் போய்ப் படத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தா.

அன்னைக்குச் சாயங்காலம் கீழ இறங்கி வந்தா.

"அக்கா, படத்துல டியூப் மேல எழுத்தே இல்லையே?"

"விளக்கு வெளிச்சத்துல தெரிஞ்சிருக்காது."

"பின்னாடி காலி ரேக்குல ஒட்டியிருக்கற எண்ணுகூட தெளிவா தெரியுதேக்கா."

"உனக்கு வேற வேலை இல்லையா? உன் லேப்புல இருக்கற ஜன்னலை எண்ணு போ."

அவ கண்ணு சூட்டுப்பெட்டிப் பக்கம் போச்சு. கண்ணாடிக் கதவுக்குள்ள என் டியூப் எல்லாம் புது மையில, ஒரே கையெழுத்துல, ஒரே சாய்வுல பேர் தாங்கி நின்னுச்சு. எட்டு மாசம் எழுதின எழுத்து அப்படி இருக்காது. அது அவளுக்குத் தெரியும். "சரிக்கா"ன்னு மென்னு முழுங்கிட்டுப் போயிட்டா.

அதுக்கப்புறம் கூட்டம் வரைக்கும் ஒன்பது நாள். சொல்லிடுவாளான்னு தினமும் செத்துப் பிழைச்சேன். அவ சொல்லல. ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டப்ப, எனக்குப் பரிமாறினா. என் முகத்தைப் பார்க்கல. தட்டுல குனிஞ்சுக்கிட்டே சாப்பிட்டு எழுந்து போனா. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு, இவ என்னைக் காப்பாத்தப் போறா.

கூட்டத்துல அஞ்சு பேர் முன்னாடி நின்னேன். டைரக்டர் மேடம் நடுவுல. சின்னவ பார்வையாளர் வரிசையில. முதல் ஸ்லைடு கேள்வி. ரெண்டாவது ஸ்லைடு முறை. மூணாவதா அந்த வரைபடம் சுவத்துல விரிஞ்சது. அவளைப் பார்த்தேன். மடியில இருந்த நோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. காது மடல் சிவந்திருந்தது.

எனக்குள்ள சுர்ருன்னு ஏறுச்சு. யோசிச்சுப் பாருங்க. ஜன்னலும் அவளுக்கு. ஃப்ரீசரும் அவளுக்கு. இனிமே என் மானமும் அவ கையில. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவ எனக்குப் பரிமாறுவா, நான் குனிஞ்சு சாப்பிடணும். அவ தயவுல நான் விஞ்ஞானின்னு திரியணுமா? முடியாது. வேலை போனா போகட்டும்.

"இந்த வரைபடம் பொய்"னு சொன்னேன். என் குரல் எனக்கே கட்டையா கேட்டுச்சு. ஸ்பிரிட், பஞ்சு, ஃப்ரீசர்ல நகல் வைக்காதது, பேர் மாத்தி எழுதினது, எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஃப்ரீசர்ல ஏன் வைக்கலன்னு ஒருத்தர் கேட்டார். "கேக்கப் பொறாமை"ன்னேன். யாரும் சிரிக்கல.

அஞ்சு பேர்ல ஒருத்தர்கூட ஆச்சரியப்படல. அது அப்ப எனக்கு உறைக்கல. டைரக்டர் மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "உக்காருங்க. ஆறு மாசம் தர்றோம். முதல்ல இருந்து ஆரம்பிங்க. நீங்களா சொன்னதால தர்றோம்"னாங்க. அந்த 'நீங்களா'வை அழுத்திச் சொன்னாங்க.

வெளிய வராந்தாவுல சின்னவ நின்னுக்கிட்டு இருந்தா. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மிதப்பு. உன் தயவு எனக்குத் தேவைப்படலன்னு முகத்துல காட்டிக்கிட்டுத்தான் கிட்டப் போனேன்.

"நீ சொல்லாம இருந்ததுக்கு ரொம்ப நன்றிம்மா"ன்னேன், குத்தலா.

அவ தலையை ஆட்டினா. "சொல்லிட்டேன்கா. காலையிலேயே மேடத்துக்கு எழுதி அனுப்பிட்டேன்."

"காலையிலேயேவா?"ன்னேன்.

"ஒன்பது நாளும் எழுதி எழுதி அழிச்சேன். உங்களுக்கு வேலை போயிடும்னு தெரியும். வீட்டுல யார் முகத்துலயும் முழிக்க முடியாதுன்னும் தெரியும். ஆனா தப்பான ஒண்ணு உண்மைன்னு வெளிய போயிடுமேக்கா." மூக்கை உறிஞ்சினா. "என்னை மன்னிச்சுடுங்க."

அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியல. விரலெல்லாம் சில்லுன்னு இருந்தது. அவ இடத்துல நான் இருந்திருந்தா அந்தக் கடிதத்தை அனுப்பியிருப்பேனான்னு என்னையே கேட்டுப் பார்த்தேன். அனுப்பியிருப்பேன். படத்தைப் பார்த்த அன்னைக்கே, ஒரு வரி அழிக்காம, சிரிச்சுக்கிட்டே அனுப்பியிருப்பேன்.