பத்துக் குளிர் தாங்கும் ஹீட்டர்

ராயப்பேட்டைப் புழுக்கத்தில் உட்கார்ந்துகொண்டு குளிருக்கு ஹீட்டர் தேர்ந்தெடுக்கிற தலையெழுத்து மணிமொழிக்கு வாய்த்தது. கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை அவளுடையது. பர்னர் அடைப்பு, ட்யூப் விரிசல், எதுவானாலும் அந்தத் தெருவில் அவள் சொன்னால் சொன்னதுதான். அதனால்தான் அயர்லாந்தில் ஓட்டல் சமையல் வேலையிலிருக்கும் புருஷன் பிரபு, இரண்டு படங்களை அனுப்பிவிட்டு மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டான். வீட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரத் திறந்த இடம் இருக்கிறதாம். அங்கே வைக்க ஒரு கேஸ் ஹீட்டர் வேண்டுமாம். எது தேவலை என்று அவளே சொல்ல வேண்டுமாம்.

ஒன்று மெல்லிய தகரம். ஒரு குளிர்காலம் ஓடினாலே அதிசயம். இன்னொன்று கனத்த ஸ்டீல், பத்து வருஷம் அசையாது. தகரத்தைப் பார்த்ததும் மணிமொழி உள்ளுக்குள் துள்ளினாள். வேலையை முடித்துக்கொண்டு பொங்கலுக்கு ஊருக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். இரண்டு வருஷமாக அந்தப் பொங்கலை நம்பித்தான் அவள் சோறு தின்கிறாள். இன்னும் மூன்றே மாதம். அதற்குத் தகரம் போதாதா?

அதுவே போதும் என்று சொல்ல வாயெடுத்தவள், தொழில் புத்தி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். காற்றில் சாய்ந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் வால்வு தகரத்தில் இல்லை. ஸ்டீலில் இருந்தது. எரிந்துபோன சமையலறைகளை எத்தனை பார்த்தவள்! பாழாய்ப்போன தொழில், பொய் சொல்ல விடுகிறதா?

பொங்கலுக்கு வருகிறவனுக்குப் பத்து வருஷச் சாமான் எதற்கு என்று கேட்டாள். பிரபு தலையைச் சொறிந்தான். வேலை அனுமதியை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துவிட்டார்களாம், பொங்கலுக்கு வர முடியாதாம். எப்படிச் சொல்வதென்று ஒரு வாரமாக முழித்துக்கொண்டிருந்தானாம். அடப்பாவி! போனுக்குள் கையைவிட்டு, சட்டையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

“ஸ்டீலையே வாங்கு,” என்றாள். “சாஞ்சா கேஸ் தானா நின்னுடும். தகரம் வேணாம்.”

“கோவமா கீறியா?” என்றான் பிரபு.

“கோவம் இல்ல. எனக்கு நீ வேணும், அவ்ளோதான். இனிமே தேதி சொல்லாத. நீ சொல்ற தேதிய புடிச்சிக்கினு நான் உக்காந்துடறேன்.”

அவன் அந்தத் திறந்த இடத்தில்தான் நின்றிருந்தான். மூச்சுவிட்டபோது குளிரில் வாயிலிருந்து புகை வந்தது. உள்ளே போய் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, மணிமொழி போனை வைத்தாள்.