இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே

1.

இந்தக் கதை முதலில் ஒரு கடிதமாகத்தான் இருந்தது. அனுப்புநர், பெறுநர் எல்லாம் முறைப்படி எழுதி, 'பொருள்: என் தவறு குறித்து' என்று போட்டேன். அதற்குக் கீழே கை ஓடவில்லை. கடிதத்தில் ஒப்புக்கொண்டால் கோப்பில் ஏறிவிடும். கதையில் ஒப்புக்கொண்டால் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே கதை.

நான் ஓர் ஆய்வு நிலையத்தில் எழுத்தர். என் அண்ணி அங்கேயே நத்தை ஆராய்ச்சியாளர்.

முதல் தொடக்கம்: "காட்டின் மௌனத்தில் ஒரு சிறு ஓடு..." (நிறுத்திவிட்டேன். காட்டில் ஏது மௌனம்? கொசுவாவது பேசும்.)

இரண்டாவது: "மூன்று ஆண்டுகளுக்கு முன், எங்கள் பதினொரு ஆய்வுத் திட்டுகளில் ஏழாவதான மலைச்சரிவில், காய்ந்த இலையொன்றின் அடியில் ஒட்டியிருந்த நத்தை ஓடு ஒன்றை அண்ணி கண்டெடுத்தார். கடுகில் பாதி. உள்ளே உயிர் இல்லை. அப்படியொரு நத்தை எந்த நூலிலும் இல்லை."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2.

சரிவின் வழியாகச் சாலை போட விரும்பினார்கள். பாதுகாப்புப் பட்டியலை முடிவுசெய்யும் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. பதிவேட்டில் ஏற்றியவன் நானே. 'வெற்று ஓடு ஒன்று போதாது. அறுபது நாளுக்குள் உயிரோடு காட்டவும். தவறினால் சரிவு பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.'

தேடும் முறை இதுதான். சருகை மூட்டையாகக் கட்டி நிலையத்துக்குக் கொண்டுவந்து சல்லடையில் ஆட்டுவோம். மேலே தங்குவதை அண்ணி லென்ஸ் வைத்துப் பார்ப்பார். கீழே விழும் தூள் பின்சுவர் ஓரம் போய்விடும். இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பதெல்லாம் குஞ்சுகள், அவற்றை இன்ன வகை என்று சொல்ல முடியாது என்பது அண்ணியின் கணக்கு. கண்டெடுத்த ஓடும் ஏதோ புது வகையின் குஞ்சுடையதுதான், வளர்ந்தது சல்லடையின் மேலே தங்கும் என்று நம்பினார்.

ஐம்பத்தொரு நாள் ஆட்டினோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

3.

இங்கே ஒரு கிடங்குக்காரரைக் கொண்டுவந்தேன். மறதிக்காரர், காதில் பேனா, சட்டைப்பையில் இன்னொரு பேனா. "சல்லடை கேட்டு எழுதிய பட்டியலில் அவர்தான்..."

(இந்த ஆள்மேல் எனக்குச் சந்தேகம். இரண்டு பக்கம் எழுதிவிட்டேன், அத்தனை தூசிக் கிடங்கில் ஒருமுறைகூடத் தும்மவில்லை.)

சரி, சொல்லிவிடுகிறேன். கிடங்குக்காரர் என்று யாரும் இல்லை. என் பழியைச் சுமக்க நான் பெற்ற பிள்ளை அவர். அண்ணி எழுதித் தந்த பட்டியலில் இரண்டு வரிகள் இருந்தன: 'சல்லடை, இரண்டு மி.மீ.', 'சல்லடை, அரை மி.மீ.' ஒரே பொருள் இருமுறை வந்துவிட்டதென்று, இரண்டாவது வரியை அளவுகோல் வைத்து நேராக அடித்தவன் நான். தூளை வாளி வாளியாகக் கொட்டியவனும் நான்தான்.

[ஓரத்தில் அண்ணியின் கையெழுத்து: "போன மாசமே கோப்புல பாத்துட்டேன். ஸ்கேல் வச்சு அடிக்கிற ஆள் இந்த நிலையத்துல ஒருத்தர்தானே? ஆனா, ஏன் வரலைன்னு மூணு வருஷமா கேக்காம விட்டது நான். குஞ்சு குஞ்சுன்னு சொன்னதும் நான். அதையும் எழுதுங்க தம்பி." எழுதிவிட்டேன்.]

4.

ஒன்பது நாள் மிச்சம். மழை விட்ட காலை. சல்லடை கழுவப் பின்பக்கம் போன அண்ணியிடமிருந்து ஒரு கூச்சல்.

"தம்பி! ஓடி வாங்க! செருப்பைக் கழட்டிட்டு வாங்க!"

"என்ன அண்ணி, பாம்பா?"

"பாம்பா இருந்தா செருப்போட வரச் சொல்லியிருப்பேன். சுவரைப் பாருங்க."

ஈரச் செங்கல்லில் தூசி மேலே ஏறிக்கொண்டிருந்தது. தூசி எங்கேயாவது ஏறுமா? லென்ஸை வைத்தேன். ஒவ்வொரு தூசிக்கும் இரண்டு கொம்பு.

நான் கொட்டிய மேட்டில் அவை குடும்பம் குடும்பமாகப் பெருகியிருந்தன. ஓட்டின் வாய் விளிம்பு தடித்திருந்தது. முழுதாக வளர்ந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

"குஞ்சு இல்ல தம்பி. இதுங்களோட முழு உயரமே இவ்வளவுதான்!"

குதித்தார். குதித்த வேகத்திலேயே முகம் வாடியது. மேட்டில் மூன்று ஆண்டுகளாகச் சலித்த பதினொரு திட்டுகளின் தூளும் கலந்து கிடந்தது. இவை சரிவிலிருந்துதான் வந்தன என்று எதை வைத்துச் சொல்வது? மறுபடி சரிவுக்கே போக வேண்டும், அரை மில்லிமீட்டர் சல்லடையோடு. அது வந்துசேர ஒரு மாதம் ஆகும்.

வீட்டு மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டோம். (அண்ணன் இந்தக் கதைக்குள் வருவது ஒரே ஒரு வசனத்துக்காக.)

"நத்தை சலிச்சுட்டு அதுலயே எனக்கு மாவும் சலிப்பீங்களா? ரெண்டு பேரும் நல்லா இருங்க. நான் ஹோட்டலுக்குப் போறேன்."

ஆறாம் நாள், ஏழாம் திட்டு, ஒரு பாறையிடுக்குச் சருகு. நாற்பத்து மூன்று. எல்லாம் உயிரோடு.

5.

குழுவின் மேசையில் அண்ணி ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்தார்.

"என்னம்மா, பெட்டி காலியா இருக்கே?" என்றார் தலைவர்.

"காலி இல்ல சார். கொஞ்சம் குனியணும்."

எட்டுப் பேரும் ஒருவர்பின் ஒருவராகக் குனிந்தார்கள். முதுகுவலிக்காரரான தலைவர் கடைசியாகக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"அட, கொம்பை ஆட்டுதய்யா!"

சரிவு பட்டியலிலேயே இருக்கும், சாலை சுற்றிப் போகும் என்று தீர்ப்பு வந்தது. அந்தக் கடிதத்தின் பதிவெண்ணை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன். விதிப்படி தப்புதான்.

இங்கேயே முடிக்கலாம். இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன்: கூட்டம் கலைந்ததும் அண்ணி தனியாக நின்று கண்ணீர் விடுவதாக. படித்துவிட்டு, "நான் எங்க அழுதேன்? அன்னைக்கு ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்" என்றார். அடித்துவிட்டேன். இம்முறை கேட்டுவிட்டு அடித்தேன்.

6.

முடிவு எழுத முடியாததற்குக் காரணம் வேறு. அரை மில்லிமீட்டர் சல்லடை வந்துவிட்டது. மற்றப் பத்துத் திட்டுகளையும் முதலிலிருந்து சலிக்கிறோம். இந்தக் கதையின் முதல் பகுதியை எழுதியபோது நூல்களில் இல்லாத வகைகள் எங்கள் கையில் இரண்டு. மூன்றாம் பகுதியில் கிடங்குக்காரரை வெளியே அனுப்பியபோது நான்கு. இப்போது...

"தம்பி, எழுதினது போதும், வாங்க! இதுக்கு ஓட்டு மேல முடி இருக்கு! உங்க தலையைவிட ஜாஸ்தி!"

போகிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன், எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பென்சிலால் போடுங்கள்.

புதிய வகைகள், இன்றுவரை: ________