எண்ணெய் வழியும் முகம்

நாத்தனார் புகுந்த வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய நாளிலிருந்து வீட்டில் சோப்பு மளமளவென்று கரைந்தது. எந்நேரமும் குளியலறைக் குழாய் ஓடும். "மீன் ஜென்மமா இவ?" என்று அவளுடைய அண்ணன் கேட்டுவிட்டு, லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குக் கிளம்பிவிடுவான்.

அழகு நிலையத்தில் முகப் பராமரிப்பு செய்பவளான அண்ணிக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் வாய் திறக்கவில்லை. கல்யாணமான புதிதில் இதே நாத்தனார், "அண்ணி ஊரார் மூஞ்சி துடைக்கிற வேலை பாக்கறாங்க" என்று உறவுக்காரர்கள் நடுவே சொல்லிச் சிரித்தது நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

ஒரு நாள் காலையில் குளியலறைக் கதவு திறந்திருந்தது. முரட்டுத் துண்டால் நாத்தனார் கன்னத்தைப் பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்கோரம் ரத்தம் துளிர்த்தது. அண்ணி துண்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எண்ணெய் வழியுதுன்னு அவர் சொல்வாரு, அண்ணி. நாலு பேர் இருக்கறப்ப கர்சீப்பை எடுத்து நீட்டுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க."

முள் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அண்ணி அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். மென்மையான திரவத்தால் கழுவி, தண்ணீரை ஒற்றியெடுத்து, கொஞ்ச நேரம் எதுவும் பூசாமல் விடச் சொன்னாள். அதற்குள்ளேயே தோல் இழுத்துப் பிடிப்பதாக நாத்தனார் சொன்னாள். பிறகு அண்ணி எண்ணெய் உறிஞ்சும் மெல்லிய காகிதத்தை நெற்றியிலும் மூக்கிலும் கன்னத்திலும் ஒற்றி அவள் கையில் கொடுத்தாள்.

நாத்தனார் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொட்டு எண்ணெய் இல்லை.

"உனக்கு வறண்ட சருமம்மா. தேய்ச்சுத் தேய்ச்சு மேல்தோல் இழுத்துக்கிட்டு மினுங்குது. அதைப் பாத்துட்டு எண்ணெய்ங்கறாரு."

"அப்போ இத்தனை வருஷமா நான் எதைக் கழுவிட்டு இருந்தேன்?"

அண்ணி க்ரீம் டப்பாவைத் திறந்தாள். ஈரக்கையால் அவள் முகத்தை நனைத்து, அந்த ஈரம் காயும் முன் க்ரீமை மெல்லத் தடவினாள். முதலில் விறைத்திருந்த கழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, தலை அண்ணியின் வயிற்றில் சாய்ந்தது. கண்ணீர் இறங்கி, வெடித்திருந்த கன்னத்தில் காந்தியது.

"அழுதா எரியும். வேணும்னா சிரிச்சுக்கோ, அது எரியாது" என்றாள் அண்ணி. நாத்தனார் இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

சரியாவதற்குப் பொறுமை வேண்டியிருந்தது. வெந்நீர் கூடாது, தேய்க்கக் கூடாது, வெயிலுக்குப் போகுமுன் சன்ஸ்க்ரீன் என்று அண்ணி சொன்னதையெல்லாம் நாத்தனார் கேட்டுக்கொண்டாள். நடுவில் ஒருநாள் ஆசைப்பட்டு, எண்ணெய்ப் பசைச் சருமத்துக்கென்று அண்ணி தனக்கு வாங்கிவைத்திருந்த ஃபேஸ் வாஷை எடுத்துப் போட்டு, முகம் தீயாய் எரிய வந்து நின்றாள். "என் மூஞ்சிக்கு வாங்கினது உனக்கு ஒத்துக்குமா?" என்று கடிந்துகொண்டே அண்ணி குளிர்ந்த துணியால் ஒற்றியெடுத்தாள். தோல் உரிவது நின்றது, சிவப்பும் வடிந்தது.

ஒருநாள் நாத்தனாரின் கணவன் அவளை அழைத்துப்போக வந்தான். கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தவன் நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தான்.

"முகம் தெளிஞ்சிருக்கே. என்ன போடற?"

"எதையும் போட்டு வந்ததில்ல. உரசறதை விட்டுட்டேன்."

அவன் சிரித்தான், வேறு யாரும் சிரிக்கவில்லை. இப்போதைக்கு வருவதாக இல்லை என்று அவள் நிதானமாகச் சொன்னாள். அவன் குரலை உயர்த்தப் பார்த்தான். அவளுடைய அண்ணன் எழுந்து போய் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

மறுநாள் மாலை அண்ணி வேலை முடிந்து ஓய்ந்து வந்தாள். நாத்தனார் அவள் தாடையைப் பிடித்துத் தூக்கி, மோவாயில் கிளம்பியிருந்த பருக்களை உற்றுப் பார்த்தாள்.

"ஊரார் முகத்தையெல்லாம் பாக்கறீங்க. இதை யார் பாக்கறது?"

வேண்டாம் என்று சொல்லத்தான் அண்ணி வாயெடுத்தாள். நாத்தனார் அதற்குள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவளைக் கட்டிலில் சாய்த்துவிட்டாள். பழக்கமில்லாத விரல்கள், நெற்றியில் சற்றுத் தடுமாறின. அண்ணி திருத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.