ஒரு நாள் மழையைப் பிரித்தவள்

1

இந்தக் கதை சாப்பாட்டு மேசையில் பிறந்தது. பொறாமையில் பிறந்தது என்று சொல்வதுதான் நேர்மை. மலைச்சரிவில் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் ஓடிவரும், அது எவ்வளவு மண்ணை அரித்துக்கொண்டு வரும் என்று கணினியில் மாதிரி போட்டுப் பார்ப்பது என் கணவரின் வேலை. கீழே ஓர் அணை கட்டப்போகிறார்கள். அது எத்தனை வருடத்தில் வண்டலால் தூர்ந்துபோகும் என்று இவர்கள்தான் சொல்ல வேண்டும். அன்று தட்டில் கைவைத்ததிலிருந்து, கூட வேலை செய்கிறவளைப் பற்றியே பேச்சு.

“அவ மூளையே தனி. சரிவைப் பார்த்ததுமே மண்ணு எங்க கரையும்னு சொல்லிடறா.”

“சாப்பாட்டுல உப்பு சரியா இருக்கா?”

“ம்? இருக்கே.”

நான் உப்பே போடவில்லை. வயிறு எரிய எழுத உட்கார்ந்தேன்.

2

கதையில் அவளுக்குக் கெட்டிக்காரி என்று பெயர் வைத்தேன். முதல் தொடக்கம்: ‘கெட்டிக்காரி அழகாக இருந்தாள்.’ அடித்துவிட்டேன். அவளை அழகாக்க எனக்கென்ன தலையெழுத்தா?

இரண்டாவது: ‘கெட்டிக்காரி அப்படியொன்றும் அழகில்லை, ஆனால்...’

அந்த ‘ஆனால்’ எங்கே போய் நிற்குமோ என்று பயம். விட்டுவிட்டேன்.

மூன்றாவது நிலைத்தது: ‘கெட்டிக்காரி ஒரு தப்பு செய்தாள்.’

(இதை அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கத்துக்குட்டிகள் செய்யும் தப்பு என்று என் கணவரே ஒருமுறை கேலி செய்தது இது. மழைமானிக் கணக்கில் நாளுக்கு ஓர் அளவுதான் இருக்கும். அதை இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் சமமாகப் பங்கிட்டால் கணினிக்குள் நாள் முழுக்கத் தூறல். இந்தப் பக்கத்து மழையோ சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். தூறலுக்கு மண் அசையாது. கொட்டுகிற மழை சரிவையே உரித்துவிடும்.)

கெட்டிக்காரியைச் சமமாகப் பங்கிட வைத்தேன். அவள் கணக்கில் நூறு வருடம் நின்ற அணை, நிஜத்தில் சீக்கிரமே சேற்றுக்குட்டையானது. ஊரே காறித் துப்பும்படி இரண்டு பக்கம். எழுத எழுத மனசு குளிர்ந்தது.

3

அவரிடம் படிக்கக் கொடுத்தேன், வேண்டுமென்றேதான். சிரித்தால் ஒரு பதில், முறைத்தால் ஒரு பதில் தயாராக இருந்தது. அவர் முகம் வெளுத்துப்போனது.

“இத அவ பண்ணமாட்டா.”

“அவளை ஒண்ணு சொல்லிடக் கூடாதே!”

“இல்லம்மா. இத நான் பண்ணியிருக்கேன்.”

மேல்சரிவின் மழைக் கணக்கு அவர் பொறுப்பு. அப்போதைக்குச் சமமாகப் போட்டுவைப்போம், பிறகு மாற்றலாம் என்று நினைத்தவர் மறந்தே போயிருக்கிறார். மறுநாள் அறிக்கை போக வேண்டும். போனை எடுத்தார். யாருக்கு என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

4

இப்போது அடுத்த அறையில், என் நாற்காலியில், என் கணவருக்குப் பக்கத்தில் கெட்டிக்காரி. நானே எழுதி வரவழைத்திருக்கிறேன்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவள், “அக்கா, நீங்க மட்டும் எழுதலேன்னா அப்படியே அனுப்பியிருப்போம். அந்தக் கதையக் குடுங்களேன், படிக்கணும்” என்றாள். வஞ்சகமில்லாத முகம். அதைப் பார்த்து இன்னும் எரிகிறது.

என் கையில் இருப்பது நீங்கள் படிக்கிற இதே தாள்கள். உப்பில்லாத சாப்பாடும் இதில் இருக்கிறது.

முடிவு ஒன்று: கொடுத்துவிடுகிறேன்.

முடிவு இரண்டு: ‘கெட்டிக்காரி’ வருகிற இடத்திலெல்லாம் ‘கணவர்’ என்று மாற்றிவிட்டுக் கொடுக்கிறேன். (‘கணவர் அழகாக இருந்தார்.’ சரி, அதையும் அடித்துவிடலாம்.)

முடிவு மூன்று: இன்னும் யோசிக்கவில்லை, அதற்குள் அவள் கையை நீட்டிவிட்டாள். அடுத்த அறையிலிருந்து அவர் கூப்பிடுகிறார். என்னையல்ல.

சீக்கிரம் சொல்லுங்கள், கொடுக்கவா?