மடுவில் இறங்கிய குற்றம்

"யாரோட வந்திருக்கே?"

ஆறு வருடத்துக்கு முன்னால், மீன்பிடிச் சங்கத்தில் சேர நைரி முதல் தடவை போனபோது செயலாளர் டெஸ்மண்ட் கேட்ட கேள்வி அது. அவள் யாரோடும் வரவில்லை. கையில் தூண்டில் கோல் இருந்தது, சட்டைப் பையில் உரிமச் சீட்டு இருந்தது. அவரோ, புருஷன்காரன் காரை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருப்பான் என்பதுபோல அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவள் காது மடல் சிவக்க, சீட்டை மட்டும் எடுத்து நீட்டினாள். இவள் வாயில்லாப் பூச்சி என்று அன்றைக்கே எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

நெடுஞ்சாலையோர மோட்டல் விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற வேலை அவளுக்கு. செவ்வாய்க்கிழமை விடுப்பு. அந்த ஊர் பூமியின் தென்பாதியில் இருந்தது; அங்கே குளிர்காலம் ஆண்டின் நடுவில் வரும். மே மாதம் பாப்லர் மரத்து இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தால், ஏரியில் கிடக்கும் ட்ரவுட் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறும். அப்போதிலிருந்து ஆகஸ்ட் முடிகிறவரை ஒரு செவ்வாயைக்கூட அவள் விட்டதில்லை. வாரத்தின் மற்ற ஆறு நாளையும் அந்த ஒரு நாள்தான் தாங்கிப் பிடித்தது.

அந்த ஆற்றில் ஒரு முறை உண்டு. மடுவின் தலைமாட்டில் இறங்க வேண்டும். இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய் ஈயைக் குறுக்கே வீசி, அது ஓட்டத்தோடு வளைந்து கரையோரம் வந்து நின்றதும் தண்ணீர் போகிற போக்கில் ஓர் எட்டு கீழே வைக்க வேண்டும். ஒரு வீச்சுக்கு ஓர் எட்டு. அடுத்து வருகிறவர் முன்னவருக்கு மேலேதான் இறங்குவார். ஏற்கெனவே நிற்பவருக்குக் கீழே போய் இறங்குவது, பந்தியில் பக்கத்து இலையில் கைவைப்பதற்குச் சமம். அப்படிச் செய்தவரைச் சங்கம் இரண்டு குளிர்காலத்துக்கு ஒதுக்கிவைக்கும். ஒதுக்கிவைத்தால் ஆற்றுக்குப் போகிற வழியும் போச்சு. நல்ல மடுக்களெல்லாம் ஒரு பண்ணைக்காரரின் நிலத்தைத் தாண்டி இருந்தன. அவருடைய கதவுப் பூட்டின் எண் சங்கத்துக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். வருடா வருடம் அது மாறும்.

ஜூலை இரண்டாவது செவ்வாய் காலை, நைரி போனபோது புல்லெல்லாம் உறைபனி. மடுவின் நடுவில் டெஸ்மண்ட் முளையடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தார். வீசினார், இழுத்தார், அதே இடத்திலிருந்து மறுபடி வீசினார். போன வாரம் அங்கேதான் அறுபத்தெட்டு சென்டிமீட்டர் மீன் ஒன்று அவருக்கு மாட்டியிருந்தது. குளிர்காலத்தின் மிகப் பெரிய மீனுக்குச் சங்கம் தரும் கோப்பை அவருக்குத்தான் என்று ஊரே பேசியது. நைரி கரையில் நாற்பது நிமிடம் காத்திருந்தாள். கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது. அதைப் பல்லால் கடித்து எடுத்தாள்.

கடைசியில் அவரே திரும்பினார். "என்ன கண்ணு, என் முதுகையே பாத்துக்கிட்டு நிக்கறே? கூச்சமா இருக்கு."

"நீங்க நகர்ந்தா நான் இறங்குவேன்."

"நான் நகர்றதா இல்ல. நீ கீழ போய் இறங்கிக்கோ."

"உங்களுக்குக் கீழயா?"

"நான்தான் சொல்றேனே. போ, போ. அங்க தண்ணியத் தவிர ஒண்ணும் கெடையாது."

"நிஜமாவா சொல்றீங்க?"

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமா?"

அவள் இருபது தப்படி கீழே தள்ளி, மடுவின் வால் பக்கம் இறங்கினாள். ஐந்தாவது வீச்சில் நூல் நின்றது. பாறையில் சிக்கியதோ என்று நினைத்தாள். பாறை ஆற்றின் குறுக்கே நடக்க ஆரம்பித்தது. இருபது நிமிடம் கழித்து வலையில் வந்து கிடந்தது கிழட்டு ஆண் மீன்; கீழ்த்தாடை கொக்கிபோல வளைந்திருந்தது. சங்கத்துக்காரர் யாராவது ஒருவர் அளந்தால்தான் கணக்கில் சேரும் என்பதால், டெஸ்மண்டே நாடாவோடு வந்து குனிந்து அளந்தார்.

"எழுபத்து நாலு" என்றார். பிறகு, நாடாவைச் சுருட்டி முடித்துவிட்டு, "நல்ல மீன்" என்றார்.

மீனை மறுபடி ஆற்றில் விடுவதற்காக, அதன் தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்து, அது உதைத்துக்கொண்டு போகும்வரை பிடித்திருந்தாள் நைரி. விரல்கள் மரத்துப்போயிருந்தன. அன்று முழுக்க யாரிடமும் சொல்லாமல் சிரித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மளிகைக் கடையில் டெஸ்மண்டின் மனைவி வேல்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ நைரி, என்ன பண்ணினே எங்க வீட்டு மனுஷன? விடிய விடியப் பொலம்பல். 'நானே வழிவிட்டேனே, நானே வழிவிட்டேனே'ன்னு. எனக்குத் தூக்கம் போச்சு. அவ்வளவு பெரிய மீனா?"

நைரி கைகளை விரித்துக் காட்டினாள். வேல்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

மாதக் கடைசியில் சங்கக் கூட்டம். வேல்மா வழக்கம்போலப் பூசணி சூப் காய்ச்சிக் கொண்டுவந்து, சுவரோரம் நின்று கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். டெஸ்மண்ட் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிக்கையை வாசித்தார்.

"நைரி. ஆண் மீன். எழுபத்து நாலு. அளந்தது நான். அதுல மாத்துப் பேச்சே இல்ல, நான் பொய் சொல்றவன் கெடையாது. ஆனா மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே. நான் மடுவுல நிக்கும்போது இந்தப் பொண்ணு எனக்குக் கீழ எறங்கிடுச்சு."

சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. உண்மையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, அதன் அடியில் பொய்யை நனையாமல் கூட்டி வந்துவிட்டார் மனுஷர்.

தலைவர் விரெமு நியாயஸ்தர். முப்பது வருடம் தபால்காரராக இருந்தவர். "கீழ எறங்கினியா, நைரி?" என்று நிதானமாகக் கேட்டார்.

"எறங்கினேன், அங்கிள். ஆனா அவர்தான்..."

அதற்குள் கூடத்தில் சலசலப்பு. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மோட்டல் வேலைக்காரி இல்லையா, கதவத் தட்டாமலே உள்ள பூந்துட்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். நைரி எழுந்தாள்.

"தட்டிட்டுத்தான் போனேன். ரெண்டு தடவ தட்டினேன். நாப்பது நிமிஷம் வாசல்ல நின்னேன். அவர்தான் போன்னு சொன்னார்."

சிரிப்பு சட்டென்று நின்றது. அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. டெஸ்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லையே, கண்ணு. ஆறு வருஷமா நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசினதில்ல. அன்னிக்கு மட்டும் வந்து அனுமதி கேட்டியாக்கும்?"

மறுபடி சிரிப்பு. பேசாதவள் பேசியிருக்க முடியாதாம்! ஆறு வருடம் அவள் அடக்கமாக இருந்ததையே எடுத்து அவள் கழுத்தில் கயிறாகப் போட்டுவிட்டார். யாருடைய வரிசையையும் அவள் கெடுத்ததில்லை. சின்னப் பையன்கள் வந்தால்கூட ஒதுங்கி வழிவிடுவாள். மடுவை ஒரு மணி நேரம் அடைத்துக்கொண்டு நின்றவர் மேடையில் உட்கார்ந்திருக்கிறார், காத்திருந்தவள் குற்றவாளி. இது எந்த ஊர் நியாயம்?

"வழக்கம் எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லி, விரெமு வருத்தத்தோடு பேனாவைத் திறந்தார். "எறங்கினேன்னு அவளே ஒத்துக்கிட்டா..."

"கோப்பைய அவரே வெச்சுக்கட்டும்!" நைரி மேடையை நோக்கி ஓர் எட்டு வைத்தாள். "எனக்கு அது வேணாம். முறை தப்பினவள்னு மட்டும் என் பேர எழுதாதீங்க. அந்தக் கதவ எனக்குச் சாத்தாதீங்க. அவர் வழிவிட்டாரா இல்லையான்னு வேல்மாவக் கேளுங்க."

கூடம் முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பியது. வேல்மா அகப்பையோடு நின்றாள்.

அந்தக் கணமே நைரிக்கு உறுத்தியது. நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவளை, நாலு பேர் முன்னால் புருஷனுக்கு எதிராகச் சாட்சிக்கு இழுக்கலாமா? ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

டெஸ்மண்ட் சிரித்தார். "வேல்மாவா? அவ ஆத்துப் பக்கமே வந்ததில்ல. சூப்பு தீஞ்சிடுச்சான்னு வேணா கேளுங்க, சொல்லுவா. என்னம்மா, உனக்கு மீனப் பத்தி என்ன தெரியும்? சொல்லேன்!"

"சொல்லுங்க வேல்மா" என்றார் விரெமு. "உங்க வீட்டுல இதப் பத்திப் பேச்சு வந்துச்சா?"

வேல்மா புருஷனைப் பார்த்தாள். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், முன்பைவிடக் கொஞ்சம் அகலமாக. அகப்பையைச் சட்டியில் விட்டுவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியின் முடிச்சை அவள் அவிழ்த்தாள். மேடைக்கு நடந்துபோய், டெஸ்மண்ட் வாசித்துக்கொண்டிருந்த அறிக்கையின் மேல் அதை அப்படியே போட்டாள். சூப் கறை எழுத்தில் ஊறியது. பிறகு சுவர் ஆணியில் தொங்கிய அவருடைய கோட்டின் பையில் கைவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"வேல்மா..." என்றார் டெஸ்மண்ட். சிரிப்பு போயிருந்தது. "ஏம்மா, வெளிய பனி கொட்டுது. நான் எப்படி வீட்டுக்கு வருவேன்?"

விரெமு நைரியின் பேரை எழுதாமலே பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

வேல்மா தன் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டாள். இரண்டு வரிசை நாற்காலிகளுக்கு நடுவே, இடமும் வலமும் திரும்பாமல் நடந்து, கதவைத் திறந்து வெளியே போனாள்.